அம்மாவுக்கு நவக்கிரகம், உங்களுக்குச் சோழர் கோயில்: ஒரே பயணத்தில் எப்படி முடிப்பது?

சென்னையிலிருந்து சொந்தக் கார், நான்கு நாள், எழுபது தாண்டிய அம்மா அப்பா, கூட இரண்டு பிள்ளைகள். அம்மா ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் தரிசிக்க வேண்டும் என்கிறார். உங்களுக்குத் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், தனித்தனியாகப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனித்தனியாகப் போகத் தேவையே இல்லை. எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். இந்தச் சுற்றை என் பெற்றோரோடும் போயிருக்கிறேன், பிள்ளைகளோடும் போயிருக்கிறேன், தனியாகவும் போயிருக்கிறேன். ஒன்பது கிரகத் தலங்களும் மூன்று சோழர் கோயில்களும் ஒரே டெல்டாவுக்குள்தான் இருக்கின்றன, பல இடங்களில் ஒரே சாலையில். பயணம் கெடுவது இரண்டையும் சேர்ப்பதால் இல்லை. நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் கிளம்புவதால்தான். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் 12, 12:30 மணிக்கு நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பார்கள், சிதம்பரத்தில் 5 மணி. அந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையும் மாலையும் சாமிக்கு, மத்தியானம் கோட்டை, அருங்காட்சியகம், சிற்பப் பட்டறை மாதிரி நடை சாத்தாத இடங்களுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் அம்மாவுக்கும் உங்களுக்கும் சண்டையே வராது.

நான் முதல் தடவை அம்மாவை அழைத்துப்போனபோது ஒரே நாளில் ஆறு தலம் என்று பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாவது கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி 12:20, உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சித்திரை வெயில். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிய அம்மா கருங்கல் தளத்தில் முப்பது அடி நடந்து போய்த் திரும்பினார், அவ்வளவுதான், உள்ளங்காலில் கொப்புளம். மீதி நாள் முழுக்கக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வேளைக்கு மூன்று கிரகத் தலங்களுக்கு மேல் நான் வைப்பதில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பதையும் காட்டிவிடும் அரசுப் பேருந்துகூட இருக்கிறது, தெம்பு உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

இன்னொன்று, நான்கு நாளை ஐந்தாக்கிக்கொள்ளுங்கள். நான்கு இரவு, ஐந்தாம் நாள் காலையில் ஒரு கோயில், பிறகு சென்னை. புதன்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேருவது மாதிரி வையுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை திருநள்ளாற்றில் நிற்க இடம் இருக்காது, வியாழக்கிழமை ஆலங்குடியில் கூட்டம், செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயில். அந்தந்தக் கிரகத்துக்கு உரிய நாளில் தரிசித்தால்தான் பலன் என்று அம்மா சொன்னால் அவர் விருப்பம், ஆனால் முட்டி வலியோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மற்ற நாள்தான் நல்லது. நான் சொல்லும் வரிசையில் இந்த மூன்றுமே கூட்டமில்லாத நாளில் விழும்.

புதன்கிழமை விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து சிதம்பரம் சுமார் 220 கிலோமீட்டர், வழியில் டிபன் சாப்பிட்டும் 9 மணிக்குள் போய்விடலாம். நடராஜர் சன்னிதிக்கு முன்னால் நின்று இடது பக்கம் திரும்பினால் அங்கேயே கோவிந்தராஜப் பெருமாள், ஒரே இடத்தில் நின்றபடி இருவரையும் கும்பிடலாம், பெரியவர்களுக்கு அது ஒரு தனி நிறைவு. நீங்கள் கோபுர வாசலின் உட்புறச் சுவர்களைப் பாருங்கள். 108 கரணங்களும், அதாவது நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆடல் நிலைகள், சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் அந்த நிழலில் செருப்பைத் தேடிக்கொண்டே கடந்துபோய்விடுகிறார்கள்.

சிதம்பரத்தை 11 மணிக்கு முடித்துக்கொண்டு காட்டுமன்னார்கோயில் சாலையைப் பிடியுங்கள். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில், ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றிச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 12 மணிக்கு முன்னால் போனால் பார்க்கலாம், போக முடியாவிட்டால் வருத்தப்படாமல் மேலே போங்கள். அடுத்தது வீராணம். பராந்தக சோழன் காலத்து ஏரி, கரை மேலேயே சாலை போகும், பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்து வருவது. ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். கொள்ளிடத்தில் அணைக்கரை என்ற இடத்தில் கீழணை கட்டியிருக்கிறார்கள், அங்கிருந்து வடவாறு வழியாக வருகிறது. அந்தக் கீழணையை வெள்ளைக்காரர்கள் 1836-இல் கட்டியபோது கல்லுக்காக கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆக நீங்கள் அன்று மத்தியானம் போய்ப் பார்க்கப்போகும் கோயிலின் கற்கள் தேக்கிய தண்ணீரைத்தான் சென்னையில் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை என் பையனிடம் சொன்னபோது, கோயிலுக்குப் போனதும் முதலில் இடிந்த மதிலைத்தான் தேடினான்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 3:30 வாக்கில் போய்ச் சேருங்கள். ராஜேந்திர சோழன் வடக்கே கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு அமைத்த தலைநகரம், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சோழர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று கோயிலும், ஒரு கிராமமும், மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த செங்கல் அடித்தளங்களும்தான் மிச்சம். விமானம் தஞ்சையைவிட உயரம் குறைவு, ஆனால் நேர்க்கோடாக ஏறாமல் உள்வாங்கி வளைந்து ஏறும். எனக்குத் தஞ்சையைவிட இதுதான் பிடிக்கும், தஞ்சைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வடக்குப் பக்கப் படிக்கட்டுக்குப் போங்கள். சண்டேசர் என்ற அடியாருக்குச் சிவன் தன் கையால் கொன்றைமாலையைத் தலையில் சுற்றிவிடும் சிற்பம் அங்கேதான். சிவனுடைய விரல்களைப் பாருங்கள், மாலையின் முனையைச் செருகும்போது விரல் எப்படி மடங்குமோ அப்படியே மடங்கியிருக்கும். குனிந்த தலையோடு கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசர் முகத்தில் ஒரு கூச்சம் தெரியும். அப்பா சிவபக்தராக இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் அவரை விட்டுவிடுங்கள். உள்ளே மண்டபத்தில் ஒரே கல்லில் தாமரை வடிவில் செதுக்கிய நவக்கிரகம் இருக்கிறது, சூரியன் நடுவே தாமரையாக, கீழே தேர். அம்மாவின் நவக்கிரகத் தரிசனம் முதல் நாளே இங்கே ஆரம்பமாகிவிடும். இருட்டுவதற்குள் கிளம்பி அணைக்கரை வழியாகக் கும்பகோணம், 35 கிலோமீட்டர்தான். ரூமைக் கும்பகோணத்திலேயே மூன்று இரவுக்குப் போடுங்கள். தினம் ஒரு ஊரில் மூட்டையை அவிழ்த்துக் கட்டுவது பெரியவர்களுக்குப் பெரிய சோதனை.

தை, மாசியில் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சம்பா அறுவடை நேரம், கிராமத்துச் சாலைகளில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல் தெரியாது. அறுவடை இயந்திரங்களும் விளக்கில்லாமல் வரும். சூரியன் மறைந்த பிறகு உள்சாலையில் ஓட்டாதீர்கள். மற்றபடி இந்தச் சுற்றுக்கு அதுதான் மிக நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, சித்திரையிலிருந்து ஆனி வரை நான் மேலே சொன்ன கொப்புளம்.

வியாழக்கிழமை கிழக்குச் சுற்று. இதுதான் நீளமான நாள், காலை 5:30-க்குக் கார் நகர வேண்டும். மாயவரம் வழியாக வைத்தீஸ்வரன்கோயில் (செவ்வாய்), சுமார் 50 கிலோமீட்டர். வைத்தியநாதர் சன்னிதி, முத்துக்குமாரசாமி, அங்காரகன், எல்லாம் பார்த்துத் திருச்சாந்துருண்டை என்ற மருந்துப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வாசலில் நாடி ஜோதிடத்துக்குக் கூப்பிடுவார்கள், அதற்கு உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். அங்கிருந்து திருவெண்காடு (புதன்). இந்தக் கோயிலில் நின்று பார்க்க ஒரு காரணம் உண்டு, அதைச் சனிக்கிழமைக் கணக்கில் சொல்கிறேன். அப்புறம் பூம்புகாருக்குப் பக்கத்தில் கீழப்பெரும்பள்ளம் (கேது), சின்னக் கோயில், அரை மணி நேரம் போதும். 12 மணிக்குள் மூன்றும் முடியும், அவசரப்படாமலே.

மத்தியானம் தரங்கம்பாடி. ராஜா வீதியின் முனையில் பழைய நகர வாசல், உள்ளே 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், கடற்கரையில் டேனிஷ்காரர்களின் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-இல் கட்டியது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் படித்து, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். கோட்டைக்குள் வளைவுக் கூரை போட்ட அறைகள், வெயில் ஏறாது. அப்பா அங்கே ஓரமாக உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். அம்மாவுக்கும் ஒன்று இருக்கிறது: கோட்டைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தக் கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு அலையைப் பார்த்து நின்றால் ஒரு கோயிலைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

4 மணிக்குத் திருநள்ளாறு (சனி). காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி ஆட்சி, பெட்ரோல் விலை வழக்கமாகக் குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். நளதீர்த்தத்தில் குளிப்பது என்றால் மாற்றுத் துணி காரிலேயே இருக்கட்டும். பெரியவர்கள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும், படி வழுக்கும். மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரரைப் பார்த்துவிட்டுச் சனீஸ்வரரிடம் போங்கள். இந்தத் தலங்களில் பெரும்பாலும் மூலவர் சிவன்தான், கிரகத்துக்குத் தனிச் சன்னிதி, அவசரத்தில் நேரே கிரகத்திடம் ஓடி மூலவரை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கும்பகோணம் திரும்ப இரவு 8 ஆகும்.

வெள்ளிக்கிழமை பக்கத்திலேயே. முதலில் திருமங்கலக்குடி, அதற்கப்புறம்தான் சூரியனார்கோயில் என்பது இங்கே மரபு. திருமங்கலக்குடியில் எருக்க இலையில் தயிர்சாதம் நைவேத்தியம். சூரியனார்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, இங்கேதான் சூரியனே மூலவர், மற்ற எட்டுக் கிரகங்களும் அவரைச் சுற்றித் தனித்தனிச் சன்னிதியில். அடுத்த ஊர் கஞ்சனூர் (சுக்கிரன்), வெள்ளிக்கிழமை என்பதால் கொஞ்சம் கூட்டம் இருக்கும், சமாளிக்கலாம். அங்கிருந்து 10:30-க்குத் திருநாகேஸ்வரம் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10:30 முதல் 12 வரை, அந்த நேரத்தில் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் பார்ப்பது விசேஷம். மேனியில் வழியும் பால் நீலமாகத் தெரியும் என்று பக்தர்கள் சொல்வார்கள், அதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். புதன்கிழமை கிளம்புங்கள் என்று நான் சொன்னதற்கு இந்த ராகுகாலமும் ஒரு காரணம். வழியில் திருபுவனம் வரும், மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயில், தஞ்சைப் பாணி விமானம். நேரம் இருந்தால் பத்து நிமிடம், சரபேஸ்வரர் சன்னிதிக்கு.

அன்று மத்தியானம் பெரியவர்களை ரூமில் படுக்க விட்டுவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு சுவாமிமலை போங்கள். அறுபது படி ஏறும் முருகன் கோயில் சாயங்காலம்தான் திறக்கும், நான் சொல்வது ஸ்தபதிகளின் பட்டறைகளை. கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் உள்ளே அனுமதிப்பார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சிக் கலந்து மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலையை மடித்து மடித்து வைத்துக்கொள்கிறார்கள், முகம் ஒரு மடிப்பு என்றால் உடல் இத்தனை மடிப்பு என்று. பிறகு காவிரி வண்டல் மண்ணை மாவு மாதிரி அரைத்து மெழுகின் மேல் பூசுவார்கள். விரல் நகம், முத்துமாலை, எல்லாக் கோடும் அந்த முதல் பூச்சில்தான் பதியும். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒரு சிலை மாதிரி இன்னொன்று வராது. என் மகள் ஒரு ஸ்தபதி ஐயா கையில் இருந்த மெழுகு விரலை வாங்கிப் பார்த்தாள், அவள் உள்ளங்கைச் சூட்டிலேயே அது லேசாக இளகியது.

4 மணிக்கு எல்லோரும் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் காலம், 12-ஆம் நூற்றாண்டு. தேர் மாதிரி சக்கரம் வைத்த மண்டபம், தட்டினால் ஒலிக்கும் படிகள், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் எல்லாம் யாரும் காட்டிவிடுவார்கள். நீங்கள் கருவறையின் வெளிச்சுவரில் இடுப்புக்குக் கீழே குனிந்து பாருங்கள். அறுபத்துமூவர் கதைகள் ஒரு சாண் உயரச் சின்னக் கட்டங்களில் வரிசையாக ஓடும், பெயரும் வெட்டியிருப்பார்கள். முதலை வாயிலிருந்து பிள்ளையை சுந்தரர் வரவழைத்த கதை அங்கே இருக்கிறது. அம்மாவுக்குப் பெரியபுராணக் கதைகள் தெரியும் என்றால் சிற்பத்துக்கு வழிகாட்டியே வேண்டாம், அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கட்டத்தைக் கண்டுபிடிக்கட்டும். அப்பூதியடிகளையும் தேடச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குத்தான் போகிறீர்கள். மழை நாளில் மட்டும் கோயில் பள்ளமான இடம் என்பதால் தண்ணீர் நிற்கும்.

சனிக்கிழமை காலையில் ரூமைக் காலி செய்துவிட்டு ஆலங்குடி (குரு), 17 கிலோமீட்டர், கூட்டம் குறைவாக இருக்கும். அங்கிருந்து நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர். காலையில் பெரிய கோயிலுக்கு ஓடாதீர்கள், ஓடினால் மத்தியான நடை உங்களைப் பிடித்துவிடும். முதலில் அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால். கலைக்கூடத்தில் ரிஷபவாகன தேவர் செப்புத் திருமேனியைத் தேடிப் போங்கள். 1011-இல் செய்தது, திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தது. காளையின் மேல் சாய்ந்து நிற்பது மாதிரி கையை வளைத்து வைத்திருப்பார், காளை இல்லை. தலையில் சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிப் பாம்பைச் செருகியிருப்பார். அம்மா இரண்டு நாள் முன்னால் புதனைக் கும்பிட்ட அதே கோயிலின் சாமி இவர். என் அம்மா அந்த மேடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், பக்கத்தில் நின்ற காவலர் ஒன்றும் சொல்லாமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

சாயங்காலம் 4 மணியிலிருந்து நடை சாத்தும் வரை பெரிய கோயில், முழு நேரமும் அதற்கே. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விழும், பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். அடித்தளம் முழுக்க எழுத்துதான். நான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன கல்வெட்டும் அங்கே இருக்கிறது. ஆடவந்த நானூறு பெண்களின் பெயரும், அவர்களுக்கு ஒதுக்கிய வீடும்கூடக் கணக்கில் உண்டு. ஆயிரம் வருடத்து எழுத்தில் ஒன்றிரண்டை இன்றைய தமிழ் எழுத்து மாதிரியே பிள்ளைகளால் அடையாளம் காண முடியும், விரலை வைத்துத் தேட விடுங்கள். விளக்குப் போட்ட பிறகு புல்தரையில் உட்கார்ந்துகொள்ளலாம், கல்லும் ஆறியிருக்கும். இரவு தஞ்சையிலேயே தங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் திங்களூர் (சந்திரன்). ஒன்பதாவது தலம், அமைதியான சிறு கோயில். திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே தன் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்த அப்பூதியடிகளின் ஊர். பாம்பு கடித்து இறந்த பிள்ளையை அப்பர் பாடி எழுப்பிய இடமும் இதுதான். தரிசனம் முடித்து 9 மணிக்குக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் வீடு. நேரம் மிச்சம் இருந்து அப்பா அம்மாவுக்குத் தெம்பும் இருந்தால், தஞ்சை - கும்பகோணம் சாலையில் பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முற்காலச் சோழர் கோயில், உள்ளங்கை அகலத்தில் ராமாயணக் காட்சிகள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: பெரியவர்களுக்குத் தடிமனான பருத்திக் காலுறை, பூட்டிய கார் வரை போகாமல் உடனே எடுக்க மாத்திரைப் பை, அர்ச்சனைக்குச் சில்லறை, இரண்டு வேட்டி. ரூம் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒன்று கேட்டுவிடுங்கள், ஒன்பதையும் கிரக வரிசையில்தான் பார்க்க வேண்டுமா என்று. சில குடும்பங்களில் சூரியனில் தொடங்க வேண்டும் என்ற பழக்கம் உண்டு. அப்படி என்றால் வெள்ளிக்கிழமையை வியாழனுக்கும் வியாழனை வெள்ளிக்கும் மாற்றிப் போடுங்கள். வியாழன் ராகுகாலம் மத்தியானம் 1:30 முதல் 3 வரை, ஆகவே திருநாகேஸ்வரத்துக்கு முன்னால் திருபுவனத்தை நிதானமாகப் பார்க்கலாம், சுவாமிமலையை மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும்.